ஓவர்கிளாக் செய்த பிராசசருக்கு ஏற்ப ரேம் வேகத்தைப் பொருத்துவது எப்படி?

பிராசசரை ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது அதன் வேகத்தை இயல்பு அளவுக்கு மேல் உயர்த்துபவர்கள், அதற்கு இணையான ரேம் வேகத்தைத் தேடும்போது, பெரும்பாலும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையே பார்க்கிறார்கள். அந்த எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் ரேம் ஒருபோதும் தனியாக ஓடுவதில்லை. இன்றைய கணினிகளில் அதை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ரேமும் கன்ட்ரோலரும், சில பிராசசர்களில் அவற்றோடு சேர்ந்து உட்பகுதிகளை இணைக்கும் வழித்தடமும், ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட விகிதத்தில்தான் ஓடும். அந்த விகிதம் குலைந்துவிட்டால், 4000 என்று எழுதியிருக்கும் ரேம் 3600 என்று எழுதியிருக்கும் ரேமைவிட மெதுவாகப் பதில் தரக்கூடும். ஆகவே முதலில் விகிதத்தைத் தீர்மானித்து, அதற்குள் எட்டக்கூடிய உயர்ந்த வேகத்தைத் தேடுவதே சரியான வரிசை.

எண்களை எப்படிப் படிப்பது என்பதிலிருந்து தொடங்குவோம். டிடிஆர் வகை ரேம் ஒரு கடிகாரச் சுழற்சிக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது. அதனால் டிடிஆர்4-3200 ரேமின் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர்5-6000 ரேமுக்கு அது 3000 மெகாஹெர்ட்ஸ். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் 3200 என்று காட்டும் அதே ரேமை சிபியூ-இசட் மென்பொருள் 1600 என்று காட்டுவதைக் கண்டு, ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. விகிதத்தைக் கணக்கிடும்போது மட்டும் எப்போதும் இந்தப் பாதி எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நீங்கள் பிராசசரின் வேகத்தை எந்த வழியில் உயர்த்துகிறீர்கள் என்பது முக்கியம். இன்றைய கணினிகளில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கியால் பெருக்கக் கிடைப்பதே பிராசசரின் வேகம். பெருக்கி 45 என்றால் 4500 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியை மட்டும் உயர்த்தினால் ரேமின் வேகம் அசையாது. அடிப்படைக் கடிகாரத்தை 103-க்கு ஏற்றினாலோ, பிராசசர் 4635 மெகாஹெர்ட்ஸை அடையும் அதே வேளையில் டிடிஆர்4-3200 ரேமும் 3296-க்கு ஏறிவிடும். பல மதர்போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளும் கூடவே ஏறும். இந்த நிலையில் கணினி உறைந்துபோனால், பிராசசர்தான் தாங்கவில்லை என்று முடிவு செய்து அதன் வோல்டேஜை உயர்த்துவது வீண் வேலை, ஏனெனில் உண்மையில் தடுமாறியது ரேமாக இருக்கலாம். பெருக்கி திறந்திருக்கும் (அதை உயர்த்த அனுமதிக்கும்) பிராசசர் உங்களிடம் இருந்தால் அடிப்படைக் கடிகாரத்தைத் தொடாமல் விடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

பழைய கணினியை இன்னும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தேர்வு இருக்காது. 2006-இல் வந்த கோர் 2 டியோ ஈ6600 பிராசசரில் பிராசசரை மெமரியோடு இணைக்கும் வழித்தடமான ஃப்ரன்ட் சைடு பஸ்ஸின் உண்மை வேகம் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, ஆக மொத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதன் பெருக்கியை 9-க்கு மேல் ஏற்ற முடியாது என்பதால் பஸ்ஸைத்தான் ஏற்ற வேண்டும். பஸ்ஸை 333-க்கு ஏற்றினால் 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அப்போது 1:1 விகிதத்தில் ரேமும் 333-இல், அதாவது டிடிஆர்2-667 ஆக ஓடும். கையில் இருப்பது டிடிஆர்2-800 என்றால் 400 மெகாஹெர்ட்ஸ் வரை இடமிருக்கிறது; பெருக்கியை 8-க்குக் குறைத்து பஸ்ஸை 400-க்கு உயர்த்தினால் பிராசசர் 3.2 கிகாஹெர்ட்ஸிலும், ரேம் தன் முழு வேகத்திலும், விகிதம் 1:1-இலும் அமையும். இவ்வளவு நேர்த்தியாக எல்லாம் கூடிவரும் எண்களைத் தேடிப் பிடிப்பதே அந்தத் தலைமுறைக் கணினிகளை ஓவர்கிளாக் செய்யும் கலையாக இருந்தது.

இன்றைய ஏஎம்டி ரைசன் பிராசசர்களில் அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. ரைசன் 3000, 5000 வரிசைகளில் ரேமின் கடிகாரம், மெமரி கன்ட்ரோலரின் கடிகாரம், இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் எனப்படும் உள்வழித்தடத்தின் கடிகாரம் ஆகிய மூன்றும் ஒரே எண்ணில் ஓடுவதே சிறந்தது. பயாஸில் இவை எம்சிஎல்கே, யுசிஎல்கே, எஃப்சிஎல்கே என்ற பெயர்களில் இருக்கும். ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸை எட்டுவது இவ்வரிசைகளில் பொதுவாக எதிர்பார்க்கத்தக்கது. 1900-ஐச் சில பிராசசர்களே பிழையின்றித் தாங்கும். எனவே டிடிஆர்4-3600 என்பது பாதுகாப்பான இலக்கு, 3800 என்பது அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பது. டிடிஆர்4-4000 ரேமை வாங்கிப் பொருத்தி, மற்றவற்றைத் தானியங்கி நிலையில் விட்டுவிட்டால், கன்ட்ரோலர் பாதி விகிதத்துக்கு இறங்கி 1000 மெகாஹெர்ட்ஸில் ஓடத் தொடங்கும். காத்திருப்பு நேரம் கூடிவிடும். அத்தகைய ரேமை 3600-க்குக் குறைத்து, டைமிங்குகளை (ரேம் ஒவ்வொரு செயலுக்கும் காத்திருக்கும் சுழற்சி எண்ணிக்கைகளை) இறுக்கிக்கொள்வதே அதிலிருந்து முழுப் பயனைப் பெறும் வழி.

ரைசன் 7000 வரிசையில் ஃபேப்ரிக் இந்தக் கட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. அங்கே ரேமும் கன்ட்ரோலரும் மட்டும் 1:1 ஆக இருந்தால் போதும். ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸ் அளவில் தனியாக ஓடலாம். டிடிஆர்5-6000 ரேம், கன்ட்ரோலர் 3000, ஃபேப்ரிக் 2000 என்ற அமைப்பே இவற்றுக்குப் பொருத்தமான இடம். 6000-ஐத் தாண்டும்போது சில மதர்போர்டுகள் கன்ட்ரோலரைச் சொல்லாமலே பாதி விகிதத்துக்கு இறக்கிவிடும் என்பதால், யுசிஎல்கே மதிப்பை எம்சிஎல்கே மதிப்புக்குச் சமமாக நீங்களே பயாஸில் குறிப்பிட வேண்டும்.

இன்டெல் பிராசசர்களில், 11-ஆம் தலைமுறையிலிருந்து, இதே விகிதத்துக்குக் கியர் என்று பெயர். கியர் 1 என்றால் கன்ட்ரோலரும் ரேமும் சமவேகம். கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி வேகம். டிடிஆர்4 பயன்படுத்துபவர்கள் கியர் 1-இல் 3200 முதல் 3600 வரை முயல்வது நல்லது. டிடிஆர்5 ரேமுடன் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான பிராசசர்கள் கியர் 2-இல்தான் ஓடும் என்பதால், அங்கே விகிதத்தைப் பற்றிய கவலை இல்லை. ரேம் நிலையாகத் தாங்கும் வேகம் வரை ஏறிக்கொண்டே போகலாம்.

வேலையைத் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. பிராசசர் தடுமாறினால் கணினி பெரும்பாலும் நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ரேம் தடுமாறினால் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சேமிக்கப்படும் கோப்புகளில் தவறான தரவு சத்தமின்றிப் புகுந்துவிடும். நிழற்படம் ஒன்று சிதைந்திருப்பதை மாதங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போதுதான் அறிய நேரும். இயங்குதளமே சிதைந்து, மீண்டும் நிறுவ வேண்டிய நிலையும் வரலாம்.

ரேம் பொருத்தியிருக்கும் இடங்களையும் சரிபாருங்கள். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம்களை, பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்த வேண்டும். மதர்போர்டின் கையேடு இதை உறுதி செய்யும். நான்கு இடங்களையும் நிரப்பினால் கன்ட்ரோலரின் சுமை கூடி, எட்டக்கூடிய வேகம் குறையும். டிடிஆர்5-இல் இந்த இழப்பு மிகப் பெரிது: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200, நான்கு ரேம்களுக்கு 3600. வேகமே நோக்கமென்றால், தேவையான கொள்ளளவை இரண்டே ரேம்களில், ஒரே தொகுப்பாக விற்கப்படும் இணையாக வாங்குங்கள்.

இனி செய்முறை. முதலில் ரேமை அதன் இயல்பு வேகத்திலேயே, அதாவது எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை (தயாரிப்பாளர் ரேமிலேயே பதித்து வைத்த வேக அமைப்புகளை) இயக்காமல் விட்டுவிட்டு, பிராசசரை மட்டும் ஓவர்கிளாக் செய்து, நீங்கள் விரும்பும் வேகத்தில் அது நிலையாக நிற்கிறதா என்று சோதியுங்கள். அந்த மதிப்புகளைக் குறித்துக்கொண்ட பின் பிராசசரை இயல்பு வேகத்துக்குத் திருப்பி, ரேமை மட்டும் உயர்த்திச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியாகத் தேறிய பிறகே ஒன்றாக இயக்க வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும் வழிதான். ஆனாலும் இரண்டையும் ஒரே நாளில் ஒரே மூச்சில் உயர்த்திவிட்டு, எது தவறு செய்கிறது என்று தெரியாமல் அலைவதைவிட இதுவே விரைவில் முடியும்.

ரேமை உயர்த்தும்போது முதலில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை இயக்குங்கள். வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றும் அதில் சேர்ந்தே வரும். பிறகு மேலே சொன்ன விகிதத்துக்குரிய வேகத்தைக் கைப்பட அமைத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். டிடிஆர்5 கணினிகளில் முதல்முறை திரை சில நிமிடங்கள் வரை கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அதாவது அதற்கு ஏற்ற மதிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள், பொறுமையாக விட்டுவிட வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. நீண்ட நேரமாகியும் திரை வராவிட்டால், கையேட்டில் காட்டியுள்ள முறையில் சீமாஸ் அமைப்புகளை (சேமித்திருக்கும் பயாஸ் மதிப்புகளை) அழித்துவிட்டு, ஒரு படி குறைந்த வேகத்தில் மீண்டும் தொடங்கலாம்.

வோல்டேஜ் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். டிடிஆர்4-இன் இயல்பு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி புரொஃபைல்களில் பெரும்பாலும் 1.35 வோல்ட், டிடிஆர்5-இன் இயல்பு 1.1 வோல்ட். ரேமுக்கு நேரடியாகக் கொடுக்கும் இந்த வோல்டேஜைவிட அபாயமானது, புரொஃபைலை இயக்கியதும் மதர்போர்டு தானாகவே பிராசசருக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு ஏற்றிவிடும் வோல்டேஜ். ரைசனில் அது எஸ்ஓசி வோல்டேஜ், இன்டெலில் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ். ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் சில சேதமடைந்த பின், 2023-இல் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் புதுப்பியுங்கள். புரொஃபைலை இயக்கியபின் இந்த மதிப்பு எங்கே நிற்கிறது என்று எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்து, நிலைத்தன்மை கெடாத அளவுக்குக் குறைப்பதும் நல்லது.

வேகம் நிலைபெற்ற பின் டைமிங். இங்கும் எண்ணைத் தனியாகப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சிஎல் மதிப்பை (தரவைக் கேட்டபின் அது வரத் தொடங்கும்வரை கழியும் சுழற்சிகளின் எண்ணிக்கையை) 2000-ஆல் பெருக்கி, ரேமின் அச்சிட்ட வேகத்தால் வகுத்தால் உண்மையான காத்திருப்பு நேரம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 வேகத்தில் சிஎல் 16, 3600 வேகத்தில் சிஎல் 18, 6000 வேகத்தில் சிஎல் 30 ஆகிய மூன்றுமே 10 நானோ நொடிகள்தான். அதே 6000 வேகத்தில் சிஎல் 36 என்றால் 12 நானோ நொடிகள். ஆகவே வேகத்தை ஒரு படி ஏற்றுவதற்காக டைமிங்குகளை வெகுவாகத் தளர்த்த வேண்டியிருந்தால், அந்தப் படி பயனற்றது. டைமிங்குகளை இறுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும், ஒவ்வொரு படியாகக் குறைத்துச் சோதியுங்கள்.

சோதனைக்கு முதலில் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவிலிருந்து இயக்குங்கள். இயங்குதளத்தைத் தொடாமலே சோதிப்பதால் கோப்புகள் சிதையும் அபாயம் இல்லை. அது தேறினால் விண்டோஸுக்குள் சென்று, பிராசசரையும் ரேமையும் சேர்த்துச் சுமையேற்றும் பிரைம்95-இன் பிளென்ட் சோதனையைச் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். விளையாட்டு ஓடுகிறதே என்று சமாதானம் அடைவது பின்னால் கோப்புகளில் வெளிப்படும். சோதனை முடிந்தபின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ எனப்படும் வன்பொருள் பிழை எச்சரிக்கைகள் உள்ளனவா என்றும் பாருங்கள். ரைசனில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் எல்லை மீறி ஓடும்போது, கணினி நிற்காமலே இந்த எச்சரிக்கைகள் குவியும்.

தனித்தனியாகத் தேறிய பிராசசரும் ரேமும் ஒன்றாக இயங்கும்போது தோற்பது மிகச் சாதாரணமாக நடப்பது. கோர்களின் கூடுதல் வெப்பம் கன்ட்ரோலரையும் பாதிக்கிறது. பிராசசர் குளிர்விப்பானும் கிராஃபிக்ஸ் கார்டும் வெளியேற்றும் வெப்பம் ரேமையும் சூடாக்குகிறது. அப்போது வோல்டேஜை மேலும் ஏற்றாமல், எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். விளையாட்டுகளுக்கே கணினி என்றால், ரேமின் காத்திருப்பு நேரம் அங்கே வெகுவாக எண்ணப்படும் என்பதால் கோர்களின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைப்பது மேல். காணொளி மாற்றம், முப்பரிமாண ரெண்டரிங் போன்ற வேலைகளுக்கு என்றால், கோர்களை வைத்துக்கொண்டு ரேமை ஒரு படி இறக்குங்கள்; ரைசன் 3000, 5000 வரிசைகளில் இறக்கும்போது ஃபேப்ரிக்கையும் சேர்த்தே இறக்கி விகிதத்தைக் காப்பாற்றுங்கள்.

இறுதி மதிப்புகளை பயாஸில் ஒரு புரொஃபைலாகச் சேமிப்பதோடு, திரையைப் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பயாஸைப் புதுப்பிக்கும்போது சேமித்த புரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். புதிய பயாஸில் அதே மதிப்புகளை மீண்டும் இட்டாலும், ரேமைப் பழக்கும் முறை மாறியிருக்கலாம் என்பதால், மெம்டெஸ்ட்86-இலிருந்து சோதனைகளை மறுபடியும் நடத்த வேண்டும். அறையின் வெப்பம் கூடும் பருவத்திலும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள்.