பண்டிகைப் பணத்தை உள்ளூர்த் தொண்டுக்குத் திருப்புகிறீர்களா? சேலத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தீபாவளியன்று மதியம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குள் போய்ப் பாருங்கள். ஒரே வேளைக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து சாப்பாடு வந்து இறங்கியிருக்கும், இனிப்புப் பெட்டிகளை அடுக்க இடமிருக்காது. அதே இல்லத்தில் மாசி மாதத்து நடுவாரத்தில் காய்கறிக்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் கொடுக்கும் கை குறைந்துவிடவில்லை. எல்லாக் கைகளும் ஒரே நாளில் நீள்கின்றன, அதுதான் சிக்கல்.

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் இனிப்புப் பெட்டி, வெள்ளிக்காசு, சொந்தக்காரர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் துணிமணி ஆகியவற்றில் ஒரு பங்கை ஊரிலுள்ள இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கலாம் என்பது நல்ல எண்ணம். ஆனால் எந்த நாள், என்ன பொருள், யார் பெயரில், எந்தக் கணக்குக்கு என்று பார்க்காமல் கொடுத்தால், கொடுத்ததில் பாதி பயன்படாமல் போகும்.

சாப்பாடு: நாளும் நேரமும்

சேலத்துக்காரர்களுக்குக் கொடுப்பது என்றால் முதலில் மனதில் வருவது சோறுதான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் ஊற்றிப் பழகிய ஊர். அதில் குறையில்லை. ஆனால் இல்லத்துக்குப் போன் செய்யும்போது “தீபாவளிக்குச் சாப்பாடு போடறோம்” என்று தொடங்காமல், “எந்தெந்தத் தேதி காலியாக இருக்கிறது?” என்று கேளுங்கள். யார் எந்த நாள் சாப்பாடு தருகிறார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டு பல இல்லங்களில் உண்டு. தீபாவளி, புத்தாண்டு, பொங்கல், ஞாயிற்றுக்கிழமைகள் முதலில் நிரம்பிவிடும். பொங்கல் முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்வரை நிறையப் பக்கங்கள் காலியாகவே கிடக்கும். அந்த மாதங்களில்தான் பரீட்சைக் கட்டணம், கோடை வெயிலில் தண்ணீர் லாரிச் செலவு, புதுக் கல்வியாண்டுச் செலவு எல்லாம் சேர்ந்து வரும்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 40 பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில், மூன்று வேளைக்கும் சேர்த்து ஆளுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தாலே நாளொன்றுக்கு 12 கிலோ ஆகும். 25 கிலோ சிப்பம் இரண்டு நாள்தான் வரும். அதற்காக ஐப்பசியில் ஒரே வாரத்தில் 20 சிப்பம் இறக்கினால் அடைமழை ஈரத்தில் வண்டு பிடிக்கும். மாதம் 4 சிப்பமாக ஐந்து மாதம் அனுப்பினால் அதே 20 சிப்பம் முழுவதும் உலைக்குப் போகும். புழுங்கலா பச்சரிசியா, இட்லி அரிசி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இல்லங்களில் அரிசி ஓரளவு வந்துவிடும். சமையல் கேஸ், எண்ணெய், துவரம்பருப்பு, சோப்பு, கரண்ட் பில், ஆயாவின் சம்பளம் ஆகியவற்றுக்குத்தான் ஆள் கிடைக்காது. சம்பளத்துக்குக் கொடுத்தால் படம் எடுக்க ஒன்றுமிருக்காது என்பதால் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் ஆயா நின்றுவிட்டால் இல்லமே நின்றுவிடும்.

சமைத்துக் கொடுப்பதாக முடிவு செய்தால், 50 பேருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 முதல் 6 கிலோ அரிசி, சாம்பாருக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு, சாம்பாருக்கும் பொரியலுக்கும் சேர்த்து 6 கிலோ காய் போதும். மிஞ்சட்டும் என்று எட்டு கிலோ அரிசி வேக வைத்தால், மிஞ்சியதை இரவுக்கு எடுத்துவைப்பார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்கும். அரிசியில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. அதனால் அடுப்பிலிருந்து இறக்கிய சாப்பாடு பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். சூடு ஆறிப்போகும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தேங்காய்ச் சட்னி இன்னும் சீக்கிரம் ஊசிப்போகும். கல்யாண மண்டபத்தில் பகல் ஒரு மணிக்கு மிஞ்சியதை மாலை நான்கு மணிக்கு எடுத்துப்போய் இரவு எட்டு மணிக்குப் பரிமாறவே கூடாது. மண்டபத்தில் பந்தி முடியும் முன்பே பேசிவைத்து, பரிமாறாத அண்டாவிலிருந்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

முதியோர் இல்லத்துக்கு இனிப்புப் பெட்டி வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் அங்கே இருப்பார்கள். எதிரில் வைத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குப் பெரிய செலவு டயப்பர். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நாளைக்கு 3 அல்லது 4 தேவைப்படும். பத்துப் பேர் என்றால் மாதத்துக்கு 900 முதல் 1,200 வரை ஆகும். இதிலும் ஒரு தவறு நடக்கிறது. கடையில் முன்னால் இருக்கிறதென்று பேன்ட் வகையை வாங்கிவிடுகிறார்கள். அது எழுந்து நடப்பவர்களுக்கு உரியது. படுக்கையில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் டேப் வகைதான் சரி, ஆளைப் புரட்டி மாற்றிவிடலாம். இடுப்பளவைக் கேட்டு வாங்குங்கள். கூடவே படுக்கையில் விரிக்கும் அண்டர்பேடும் கொடுங்கள்.

பால்பவுடர் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கான பால்பவுடரையும் பால்புட்டியையும் அனாதைக் குழந்தைகள் இல்லம் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குடிசைப் பகுதியிலோ மலைக்கிராமத்திலோ தாய்மார்களுக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்தால் தாய்ப்பால் குறைந்துபோகும் என்பதே காரணம். அந்தப் பணத்தில் தாய்க்கு முட்டை, பயறு, கடலை வாங்கிக் கொடுக்கலாம்.

ஏற்காட்டுக்கு ஏறும் முன்

மார்கழி நெருங்கினால் கம்பளியோடு மலையேறுபவர்கள் அதிகம். ஏற்காட்டைச் சுற்றி 67 மலைக்கிராமங்கள் உண்டு. ஆனால் கார்கள் நிற்பது ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும்தான். அந்த நாலைந்து இடத்துப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் போவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்தி பிஸ்கட்டும் பத்து ரூபாய்த் தாளும் கொடுப்பது இன்னும் மோசம். கார் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சாலைக்கு ஓடிவரப் பழகிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அது உயிருக்கே ஆபத்து. குரங்குகளுக்குப் போடும் பழமும் பொட்டலமும் அதே வகைக் கேடுதான்.

முதலில் அரசு என்ன கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, பை, சீருடை எல்லாம் வருகின்றன. மலைப்பகுதியில் சத்துணவுத் திட்டத்திலுள்ள எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் உண்டு. அதே வயதுப் பிள்ளைகளுக்கு நீங்களும் ஸ்வெட்டரும் பையும் கொண்டுபோனால் வீட்டில் இரண்டாகிவிடும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், இன்னும் பள்ளிக்குப் போகாத சிறுசுகள், தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கும் தாத்தா பாட்டிகள், இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலைமை ஆசிரியரையோ கிராம சுகாதார நர்ஸையோ ஊர்ப் பெரியவரையோ கேட்டு, வயது, ஆண், பெண், அளவு என்று பட்டியல் வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.

கனமான பருத்திப் போர்வை சேலத்துக்கு நன்றாக இருக்கும். மலையில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் துவைத்தால் காயாது, நான்கு நாளில் பூஞ்சை வாடை அடிக்கும். சீக்கிரம் உலரும் கம்பளியோ ஃப்ளீஸ் போர்வையோ வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று கொடுங்கள், வீட்டுக்கு ஒன்று என்றால் பெரியவர்களுக்குக் கிடைக்காது. போர்வையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அடிவாரத்திலேயே உருவி எடுத்துவிடுங்கள். மலையில் விட்டுவந்த உறை ஓடையில்தான் போய்ச் சேரும். நாளையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அடைமழை வாரத்தில் லாரி பேசிவைக்காமல், புரட்டாசி முடிவதற்குள் அனுப்பிவிட்டால், குளிர் வரும்போது பொருள் ஊருக்குள் இருக்கும்.

பழைய துணி

கிழிந்தது, சாயம் போனது, ஜிப் அறுந்தது, ஒற்றைச் செருப்பு எல்லாம் மூட்டையில் வருகின்றன. அதைப் பிரித்து எறியவே இல்லத்தில் இரண்டு ஆளுக்கு ஒரு நாள் போகும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குப் போட்டுவிடுவீர்களா என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். துவைத்து, பொத்தான் தைத்து, வயது எழுதிக் கட்டுங்கள். உள்ளாடை புதிதாக மட்டுமே கொடுக்க வேண்டும். வளர்ந்த பெண் பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் நாப்கினும் உள்ளாடையும் எப்போதும் தட்டுப்பாடுதான், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள்.

படம்

வரிசையில் நிற்கவைத்து, கையில் பெட்டியைக் கொடுத்து, ஸ்டேட்டஸில் போடுவது வழக்கமாகிவிட்டது. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு அந்தப் பிள்ளை வகுப்பில் போய் உட்காரும்போது பக்கத்துப் பிள்ளையின் போனில் அந்தப் படம் இருக்கும். கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் பொருளை மட்டும் எடுங்கள். பிள்ளைகளைப் பாட்டுப் பாடி, ஆடிக்காட்டி நன்றி சொல்ல வைக்காதீர்கள். பட்டாசும் அங்கே வேண்டாம். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆயாதான் காவல்.

பணமும் ரசீதும்

பண்டிகைக் காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடுகளில் ஏமாறுபவர்கள் உண்டு. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அறக்கட்டளையின் பெயராக இருக்க வேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். நடத்துபவர்கள் நேர்மையானவர்கள் என்றால் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

80ஜி என்று பெயர் பெற்ற, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையில் மூன்று இடத்தில் கால் இடறுகிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, துணி, போர்வை என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதற்குமே இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் பான் எண்ணைக் கொடுத்து, காசோலையிலோ யுபிஐயிலோ கட்டி, கைரசீதோடு நிற்காமல் வருமான வரித் துறைத் தளத்தில் பதிவாகி வரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் இன்னொரு கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். அதை வாங்க எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவும், அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கும் இருக்க வேண்டும். அது இல்லாத சிறிய இல்லத்தின் சேமிப்புக் கணக்கில் பாசத்தோடு போட்டுவிட்டால் சட்டச் சிக்கல் இல்லத்தின் தலையில் விழும்.

அடுத்தவர் பெயரில் கொடுக்கும்போது

கடைக்காரர்களும் பட்டறை முதலாளிகளும் வாடிக்கையாளருக்கு இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக, “உங்கள் பெயரில் இந்த இல்லத்துக்கு ஒரு நாள் காலைச் சாப்பாடு” என்று அட்டை அனுப்பலாம். அட்டையில் இல்லத்தின் பெயர், என்ன கொடுத்தோம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். தொகையை எழுதாதீர்கள். பணம் கட்டியபின் அட்டையை அனுப்புங்கள், கட்டப்போகிறோம் என்று அனுப்பிவிட்டு மறப்பவர்கள் இருக்கிறார்கள். ரசீதும் வரிச்சலுகையும் கட்டியவர் பெயருக்குத்தான் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனால் தறிக்காரரின், வெள்ளிப் பட்டறை ஆசாரியின் தீபாவளி போனஸைப் பிடித்துத் தர்மக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சட்டப்படி போனஸுக்கு உரிய தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் என்பது உரிமை. அவர் வீட்டு அடுப்பில் கைவைத்து வேறொரு வீட்டு அடுப்பை எரிப்பது தானம் ஆகாது. குடும்பத்திலும் அப்படித்தான். தலைதீபாவளிச் சீரை மாப்பிள்ளை வீட்டில் கேட்காமல் இல்லத்துக்குக் கட்டிவிட்டு அட்டையை நீட்டினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். அண்ணன் தம்பிகள், அத்தை, சித்தி வீடுகள் எல்லாம் ஆவணியிலேயே பேசி, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் புதுத்துணி, மற்றவர்கள் பங்கு பொதுவில் என்று ஒத்துக்கொண்டால் சரியாக நடக்கும்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொருளை வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிப் போர்வையும் நல்ல பரிசு. குழுக்களிடம் கடைசி வாரத்தில் போய் 200 பெட்டி கேட்காதீர்கள். மாவு அரைக்க, பலகாரம் சுட, பெட்டி அச்சடிக்க மூன்று வாரமாவது வேண்டும். பாதித்தொகை முன்பணம் கொடுங்கள். மொத்தமாக வாங்குகிறோம் என்று விலையை அடித்துப் பேசினால் கூலிதான் குறையும்.

ரத்ததானத்திலும் எல்லோரும் ஒரே நாள் என்ற தவறு உண்டு. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்தே நாள்தான். தலைவர் பிறந்தநாளன்று முகாமில் 300 யூனிட் குவிந்தால் ஒரு பங்கு காலாவதியாகிவிடும். பண்டிகை விடுமுறையில் கொடுக்க ஆள் இருக்காது, விபத்து மட்டும் நிற்காது. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் கேட்டு, எந்த வாரம் வரலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

தீபாவளிக்கு 12,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் அதை அன்றே கொட்டிவிடாமல், இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். தேதி 3 அல்லது 4 ஆக இருக்கட்டும். ஆயா சம்பளமும் மளிகைப் பாக்கியும் 5ஆம் தேதிக்குக் கேட்டு நிற்கும்.