ஃபோன் பண்ணினா வாற ஷேர் வேன்: நாகர்கோவில் பக்கத்து ஊர்கள்ல தொடங்குறது எப்படி

வடசேரியில இருந்து ஆசாரிபள்ளத்துக்கு பஸ் இருக்கு, ஆனா பஸ் நிக்கிற ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள வீடு இருக்கிற, முட்டு வலியோட மெடிக்கல் காலேஜ் ஓபிக்கு போகணும்னு கிளம்புற ஒரு அம்மாவுக்கு அந்த பஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். தனி ஆட்டோ பிடிச்சா போக வர காசு பயங்கரமா ஆகுது. இந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான், ஃபோன் பண்ணி சொன்னவங்களை சேர்த்து ஏத்திட்டு போற ஷேர் வேன் தேவை, பஸ்ஸோட போட்டி போட இல்ல. இதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021ல இருந்து டிக்கெட்டுக்கு காசு இல்ல, வேன் அதே ரூட்ல ஓடினா யாரும் ஏறமாட்டாங்க, பஸ் ஸ்டாப்புல கொண்டு விட்டா ஏறுவாங்க.

ஏரியாவை சின்னதா எடுங்க. பெருவிளை, ஆசாரிபள்ளம், பார்வதிபுரம், கோணம் இதுக்குள்ளேயே நிறுத்திக்கோங்க, ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு 15 நிமிஷத்துல போக முடியணும், அதுக்கு மேல போனா ஒரு ஆளை விட்டுட்டு திரும்பி வாறதுக்குள்ள அடுத்தவங்க வெறுத்துப்போய் ஆட்டோ பிடிச்சிருவாங்க. "திங்கள்சந்தை வரைக்கும் விடுங்களேன்"னு கண்டிப்பா கேப்பாங்க, முதல் வருஷம் முடியாதுன்னு சொல்லிருங்க. வீட்டு வாசல் வரைக்கும் போகணும்னும் இல்ல, நம்ம சந்துல வேன் திரும்பவே இடம் கிடையாது, அதனால ரேஷன் கடை, சர்ச் முக்கு, குளத்தங்கரை, ஆலமூடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஏறுமிடம் குறிச்சு வைங்க. நடக்க முடியாதவங்களுக்கு மட்டும் வாசல் வரை போங்க. ரெண்டு பருவமழையும் பெய்யுற மாவட்டம் இது, கூரை இருக்கிற இடமா பாத்து எடுத்தா நல்லது.

பெர்மிட் விஷயத்துல தான் நிறைய பேர் அசால்ட்டா இருப்பாங்க. மோட்டார் வாகன சட்டம் 1988ல, டிரைவர் போக 6 பேருக்கு மேல 12 பேர் வரை ஏத்துற வண்டி மேக்ஸி கேப், ஆளுக்கு தனித்தனியா காசு வாங்கினாலும் அது ஒப்பந்த வண்டி (கான்ட்ராக்ட் கேரேஜ், அதாவது முன்கூட்டியே பேசி எடுக்கிற வாடகை வண்டி) வகையிலதான் வரும்னு பிரிவு 2(7) சொல்லுது. ஆனா ஒப்பந்தத்துல இல்லாத ஆளை வழியில ஏத்தி இறக்க கூடாது. அதாவது முன்பதிவு பண்ணினவங்க பேர் லிஸ்ட் கையில வச்சுகிட்டு ஓட்டுங்க, ரோட்டுல கை காட்டுறவங்களை ஏத்த ஆரம்பிச்சா பஸ் மாதிரி ஆயிரும், அப்ப பெர்மிட்டே வேற. எதுக்கும் நாகர்கோவில் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, வாய்ச்சொல் போதாது. இன்சூரன்ஸும் வாடகை வண்டிக்கு உள்ளதா இருக்கணும், சொந்த வண்டி பாலிசியில ஓட்டினா விபத்துனு வந்தா எல்லாருக்கும் கஷ்டம்.

ஆப் வேண்டாம், இப்போதைக்கு. ஒரு மொபைல் நம்பர், ஒரு வாட்ஸ்அப், ஃபோன் எடுக்க ஊரைத் தெரிஞ்ச ஒரு ஆள், சுய உதவிக்குழு அக்கா யாராவது கிடைச்சா பிரமாதம், ஏன்னா "செபஸ்தியார் குருசடிக்கு எதிர்த்த வீடு"ன்னா அவங்களுக்குத்தான் புரியும். அரை மணி நேரம் முன்னாடி கூப்பிடணும்னு சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல வாறேன்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க, 20 நிமிஷம்னு சொல்லி 15ல போய் நின்னா ஜனம் நம்பும். காலைல ஓபி நேரம், சாயங்காலம் காலேஜ் விடுற நேரம், இது ரெண்டுல இருந்து தொடங்குங்க.

இனி காசு. இந்த மாதிரி வண்டி ஒரு மணி நேரத்துல பொதுவா 3ல இருந்து 5 பேரைத்தான் ஏத்தும், தலைக்கு 30 ரூபான்னு வச்சா கூட 4 பேருக்கு 120 ரூபா, டீசலும் டிரைவர் சம்பளமும் அதுல வராது. ஃபின்லாந்து ஹெல்சிங்கில 2012ல தொடங்கின குட்சுப்ளஸ்னு ஒரு சர்வீஸ் நல்ல பேர் எடுத்தும் செலவு தாங்காம 2015 கடைசியில நின்னுபோச்சு. கனடாவுல இன்னிஸ்ஃபில்ங்கிற ஊர்ல பஸ்ஸுக்கு பதிலா 2017ல உபர் வண்டிக்கு டவுன் நிர்வாகமே காசு குடுத்துது, ஆள் கூடக்கூட செலவும் ஏற, 2019ல மாசம் 30 டிரிப்னு கட்டுப்பாடு வச்சு கட்டணத்தையும் ஏத்தினாங்க. பஸ்ல ஆள் கூடினா லாபம், இதுல ஆள் கூடினா இன்னொரு வண்டி வேணும். அதனால ஊராட்சி, சர்ச், கோயில் கமிட்டி, வெளிநாட்டுல இருக்கிற ஊர்க்காரங்க, யாராவது மாசம் இவ்வளவுன்னு பொறுப்பெடுத்த பிறகு தொடங்குங்க, ஓட்ட ஆரம்பிச்சுட்டு தேடாதீங்க, பாதியில நிறுத்தினா நம்பி இருந்த வயசானவங்க நடுத்தெருவுல நிப்பாங்க.

வண்டி இல்லாம திருப்பி அனுப்பின ஃபோன் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைங்க, நேரம், ஏறுமிடம், எங்க போகணும்னு. ஒரே நேரத்துக்கு ஒரே பாதையில தினமும் ஆள் கூப்பிட்டா அங்க வேணுறது வேன் இல்ல, மினி பஸ். 2025ல வந்த புதிய விரிவான மினி பஸ் திட்டத்துல 25 கிலோமீட்டர் வரை ரூட் குடுக்கலாம், அந்த நோட்டோட நகலை திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனுவோட சேர்த்து குடுங்க.