மேஃப்ளவர் கப்பல் வரை குடும்ப வேரைத் தேடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் சம்பந்தம் செய்த வீடுகளில் இந்தப் பேச்சு எப்போதாவது வந்துவிடும். "எங்கள் முன்னோர் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள்" என்பார்கள் மருமகன் வீட்டார். பேரனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னதும், அது உண்மைதானா என்று பார்க்க நமக்கும் ஆசை வரும். பொறுமை இருந்தால் பார்த்துவிடலாம்.

1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற அந்தக் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். ஆனால் அதிலிருந்து 1640 வரை நியூ இங்கிலாந்துப் பக்கம் (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அடங்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலை) வந்து இறங்கிய ஆங்கிலேயர் சுமார் 20,000 பேர். வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் 1607-லேயே தொடங்கிவிட்டது. அதனால் உங்கள் தேடல் மேஃப்ளவரில் போய் முடியாவிட்டாலும் ஏமாற்றம் வேண்டாம்.

படி 1: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

கப்பல் பயணிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு கீழே இறங்கி வரக்கூடாது. நிலம் வாங்கும்போது கையில் உள்ள கிரயப் பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம் வரை ஒவ்வொன்றாகப் பின்னால் போவோமே, அதே முறைதான் இதற்கும். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போனால் அதற்கு முந்தியது எத்தனை இருந்தும் பயனில்லை.

வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு, எந்த ஊர், எந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). பெண்களுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னார் இன்னாருடைய பிள்ளை" என்பதற்கு எந்த ஆவணம் சாட்சி என்று பக்கத்திலேயே குறியுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தலைமுறை இன்னும் உறுதியாகவில்லை.

படி 2: 1950 முதல் 1850 வரை சென்சஸ்

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியாகும். அதனால் 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022-ல்தான் வெளிவந்தது. வம்சாவளிப் பதிவுகளுக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். அதே மாதிரியான ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். ஆனால் பல அமெரிக்கப் பொது நூலகங்களில் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

1880 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதியிருக்கும். 1890 பதிவுகளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் பெரும்பகுதி போய்விட்டது.

படி 3: 1850-க்கு முன்னால்

பெரும்பாலான தேடல்கள் சிக்கி நிற்பது இங்கேதான். கடல் தாண்டிய கதை அல்ல, 1780-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட இந்த இடைவெளிதான் உண்மையான சோதனை. 1850-க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில்தான் மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நியூயார்க், ஒஹாயோ என்று மேற்கே நகர்ந்தார்கள்.

இங்கே சொத்து ஆவணங்கள்தான் கைகொடுக்கும். உயிலில் பிள்ளைகள் பெயரும், கல்யாணமான மகளின் கணவர் பெயரும் வரும். உயில் எழுதாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது என்றுகூடச் சொல்வேன்: அப்பாவின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து விற்ற பத்திரம் ஒன்று கிடைத்தால், ஒரே காகிதத்தில் அண்ணன், தம்பி, அக்காள், அவர்களின் கணவர்கள், அப்போது குடியிருந்த ஊர்கள் அத்தனையும் கிடைத்துவிடும்.

இன்னொரு புதையல், அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர்களின் பென்ஷன் கோப்புகள். கல்யாணம் நடந்ததை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதியிருந்த பக்கத்தை அப்படியே கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பிய விதவைகள் உண்டு. அந்தப் பக்கங்கள் சில கோப்புகளில் இன்னும் இருக்கின்றன.

படி 4: காலனிக் காலம்

நியூ இங்கிலாந்து என்றால் அதிர்ஷ்டம். ஊருக்கு ஊர் எழுத்தர்கள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிந்துவைத்தார்கள். மாசசூசெட்ஸின் பல ஊர்களுக்கு 1850 வரையிலான பதிவுகள் அகர வரிசையில் அச்சாகியிருக்கின்றன. 1845-ல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கம் முதல் தலைமுறைக் குடியேறிகளைப் பற்றித் தனி ஆய்வே நடத்தியிருக்கிறது. வர்ஜீனியா அப்படியல்ல. உள்நாட்டுப் போரில் பல கவுண்டி நீதிமன்றப் பதிவுகள் எரிந்துபோயின. அங்கே நிலப் பட்டாக்களைப் பாருங்கள்: ஓர் ஆளைச் சொந்தச் செலவில் அழைத்துவந்தால் 50 ஏக்கர் என்பது விதி. அதனால் வந்தவர்களின் பெயர்கள் பட்டாவில் இருக்கும். பட்டா தேதிதான் வந்த தேதி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகள் கழித்தும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பதிவுகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 1752-க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1690 டிசம்பருக்குப் பின் வருவது 1690 ஜனவரி. இதனால்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறப்பை 1731/32 என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதினார்கள். அப்புறம், சீனியர், ஜூனியர் என்றிருந்தால் அப்பா, மகன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் இளையவர் சீனியர் ஆகிவிடுவார்!

படி 5: பெரிய பெயர்களைச் சந்தேகியுங்கள்

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1649-ல் பாஸ்டனில் பிறந்து, 1687-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநரான எலிஹு யேல்; யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய சின்ன மகன் டேவிட்டின் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பழைய யேல் குடும்பத்தார் எலிஹுவின் நேர் வாரிசுகள் அல்ல. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் குடியேறிய அவருடைய சித்தப்பா தாமஸ் யேலின் வழி வந்தவர்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களும் அப்படித்தான். ஒருவர் போட்ட தப்பை நூறு பேர் நகல் எடுத்திருப்பார்கள். அச்சுப் புத்தகம் என்பதாலும் நம்பிவிட முடியாது: குஸ்தாவ் ஆஞ்சூ என்ற ஆசாமி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கர்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே பிழைத்தார். டிஎன்ஏ சோதனை அண்மைய உறவுகளைக் கண்டுபிடிக்க உதவும். பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 முன்னோர் இடங்கள் இருக்கையில், அதில் எவர் கப்பலில் வந்தார் என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது.

படி 6: மேஃப்ளவர் வரை வந்துவிட்டால்

1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம், சந்ததி உள்ள பயணிகளின் முதல் சில தலைமுறைகளை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. உங்கள் சங்கிலியை 1700-களில் அந்தத் தொகுதிகளில் உள்ள ஒருவரோடு சேர்த்தால் போதும், மீதி வேலையை அவர்கள் செய்துவைத்திருக்கிறார்கள். உறுப்பினராக விண்ணப்பித்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று கேட்பார்கள்.

இங்கிலாந்துக்குள் கால் வைப்பது கடைசி. அங்கே சர்ச் பதிவேடுகள் 1538 முதல் உண்டு, ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஜான் ஸ்மித் கிடைப்பார். "இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு" என்று அங்கே யாராவது உயிலில் எழுதிவைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். அப்படி ஒரு தடயம் கிடைக்கும்வரை சொந்த ஊர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டாம்.