கியர் லீவரை எடைபோடுவது எப்படி: எம்எக்ஸ்-5, சிவிக் டைப் ஆர்

முதலில் அமைப்பைப் பாருங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸ் லீவருக்கு நேர் கீழேயே இருக்கிறது. கியரின் பல் கோப்பது உள்ளங்கையிலேயே தெரியும். ஹோண்டா சிவிக் டைப் ஆரில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருப்பதால், கை அசைவு கேபிள் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. கேபிள் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், டைப் ஆர் அதற்கு நல்ல பதில்.

எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை முழுதாக மிதியுங்கள். லீவர் குமிழின் உச்சியில் அளவு டேப் பிடித்து, 1-லிருந்து 2-க்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு கியரில் வைத்தபடியே இடம் வலம் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகமென்றால் பெரும்பாலும் புஷ் (லீவர் இணைப்பில் இருக்கும் சிறு வளையம்) தேய்ந்திருக்கும். அதை கியர்பாக்ஸின் குணமென்று எழுதிவிடக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது கியர்பாக்ஸ் ஆயில் சூடான பிறகுதான். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், எந்த கியரும் முரண்டு பிடிக்கும். டைப் ஆரில் தானியங்கி ரெவ்-மேட்சை (கியர் இறக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தானே பொருத்தும் வசதி) அணைத்துவிட்டு 3-லிருந்து 2-க்கு இறக்குங்கள். 'கர்ர்' என்றால் சிங்க்ரோ (கியர் கோக்கும் முன் சுழல் வேகங்களைச் சமமாக்கும் பாகம்) தேய்ந்திருக்கலாம், கிளட்ச் முழுதாகப் பிரியாமலும் இருக்கலாம்.

குமிழின் எடையும் கணக்கில் வரும்: 2020 டைப் ஆர் குமிழுக்குள் 90 கிராம் எதிர்எடை வைத்தார்கள். ஷார்ட் ஷிஃப்டர் (லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று அமைப்பு) மாட்டிய காரைத் தனியாக வையுங்கள். தூரம் குறையும், விசை கூடும். அவசரப்பட்டால் அடி சிங்க்ரோவுக்குத்தான்.