வால்பாறை மழையில் அட்டைக் கடி நின்ற விதம்

ஜூலை மாதத்தில் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து மரவீடு ஒன்றில் 4 நாட்கள் தங்கியபோது, காட்டோரம் நடந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் என் காலுறை இரத்தத்தில் நனைந்திருந்தது. அட்டையின் எச்சிலிலுள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாததால், அட்டை விழுந்த பின்னும் கசிவு எளிதில் நிற்காது. முதல் நாள் காலணியில் தேய்த்த உப்பைப் பருவமழை பத்தே நிமிடத்தில் கழுவிவிட்டது. மறுநாள் எண்ணெயில் குழைத்துப் பூசிய புகையிலைத் தூளும் ஈரப் புல்லில் நிற்கவில்லை. தடித்த கம்பளிக் காலுறையை நம்பியதுதான் பெரிய பிழை: கைவிளக்கொளியில் பார்த்தபோது, பசித்த அட்டை நூலளவு மெலிந்து, பின்னலின் கண் வழியாகவே உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் சொன்னபடி, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறையை வாங்கினேன். அதையும் முதலில் தவறாகவே அணிந்தேன். கால்சட்டையை வெளியே தொங்கவிட்டதால், அட்டைகள் அதற்கு அடியில் ஏறி முழங்காலைப் பிடித்தன. கால்சட்டையை உள்ளே செருகி, நாடாவை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய பிறகு ஒரு கடியும் இல்லை. அன்றுதான் நிம்மதியாக நடந்தேன். துணி வெளிர் நிறமாக இருப்பதால், ஏறும் அட்டை உடனே கண்ணில் படுகிறது. இரவெல்லாம் காயவைத்தும் உலராத ஜீன்ஸுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் கால்சட்டை இரண்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்.