ஜிப்சியில் கியர் ஆயில் மாற்றுவது எப்படி: முதலில் பெட்டிகளை எண்ணுங்கள்

என் கைக்கு வரும்போதே அந்த மாருதி ஜிப்சி இரண்டு கை மாறியிருந்தது. விற்றவர் நல்ல மனிதர்தான். "கியர் ஆயில் எல்லாம் போன மாசம்தான் மாத்தினேன், நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார், நானும் கவலைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து வண்டியின் நடுவிலிருந்து ஊ... என்று ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. அடியில் படுத்து டிரான்ஸ்பர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) பிளக்கைத் திறந்தால் ஒரு டம்ளர் ஆயில்கூட வரவில்லை, வந்த கொஞ்சமும் தார் மாதிரி இருந்தது. கியர்பாக்ஸிலும் பின் டிஃபரன்ஷியலிலும் (இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பெட்டி) உண்மையாகவே புது ஆயில் இருந்தது. ஆக, அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் "எல்லாம்" என்றால் இரண்டு, அவ்வளவுதான்.

ஜிப்சியில் கியர் ஆயில் இருக்கும் இடம் நான்கு. கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் ஒரு குட்டி ஷாஃப்ட்டால் இணைந்து தனியாகத் தொங்கும் டிரான்ஸ்பர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். ஒன்றின் ஆயில் இன்னொன்றுக்குப் போகாது. மாருதியின் இன்னொரு ஜீப்பான ஜிம்னியிலும் இதே நாலு பெட்டிக் கணக்குதான். என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் ஆல் வீல் டிரைவ் கார் என்றால் கணக்கு வேறு: மேனுவல் கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் ஓடும், பின் சக்கரத்துக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி தனி, பின் டிஃபரன்ஷியல் தனி. ஆட்டோமேட்டிக் என்றால் அந்தக் கியர்பாக்ஸுக்குள் இருப்பது கியர் ஆயிலே இல்லை, அதை இந்த முறையில் தொடாதீர்கள். எந்த வண்டியாக இருந்தாலும் கையேட்டைத் திறந்து எத்தனை பெட்டி, எதற்கு என்ன ஆயில், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

என்ன ஆயில், எவ்வளவு?

கடையில் "கியர் ஆயில் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு 90 ஆயிலை எடுத்து நீட்டுவார்கள். அந்த 90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும்தான். (90 என்றதும் என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 என்ஜின் ஆயிலின் கெட்டிதான்.) நீங்கள் டப்பாவில் தேட வேண்டியது ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற எழுத்தை.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுனும் (பெரிய பல்சக்கரம்) பினியனும் (அதைச் சுற்றிவிடும் சிறிய பல்சக்கரம்) நேருக்கு நேர் கடிப்பவை அல்ல. பினியன் கிரவுனின் மையத்துக்குச் சற்று விலகி நிற்கும், அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்ந்துகொண்டே போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் பிதுங்கி வெளியே போய்விடும், இரும்பும் இரும்பும் தொட்டுவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5. கியர்பாக்ஸுக்குள் கதை வேறு. அங்கே பித்தளையில் செய்த சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன, அவை கொஞ்சம் உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ஜிஎல்-5இன் வழுவழுப்பு அந்தப் பிடியைக் கெடுக்கும், சூட்டில் அதன் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யலாம். ஆகவே கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் ஜிஎல்-4, இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் ஜிஎல்-5. நாலுக்கும் ஒரே டப்பாவை ஊற்றி "ஒண்ணும் ஆகாது சார்" என்பவர்கள் இருக்கிறார்கள். உடனே ஒன்றும் ஆகாதுதான், இரண்டாம் கியர் கரகரக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.

நான் எடுப்பது கியர்பாக்ஸ் பக்கத்துக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, டிஃபரன்ஷியலுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே வாங்குங்கள். அளவு ஏறக்குறைய இப்படி வரும்: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்பர் கேஸ் 0.8, முன் டிஃபரன்ஷியல் 2, பின்னது 1.5. முன்னது பின்னதைவிட அதிகம் குடிப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். ஜிஎல்-4 இரண்டரை லிட்டர், ஜிஎல்-5 நாலு லிட்டர் வாங்கிவிடுங்கள், சிந்துவதற்கும் கொஞ்சம் வேண்டும் அல்லவா.

மற்ற சாமான்கள்: பிளக்குக்குப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது பிட் (சதுரத் தலையா, அறுகோணக் குழியா என்று முந்தின நாளே குனிந்து பார்த்துவிடுங்கள்), நீளக் கைப்பிடி, புது வாஷர்கள், அகலமான தட்டு, வேஸ்ட் துணி, வயர் பிரஷ், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, இரண்டு மீட்டர் ஒளி ஊடுருவும் டியூப், ஒரு புனல். பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கியர் ஆயில் வாடை அழுகிய முட்டையும் ரப்பரும் சேர்ந்த மாதிரி இருக்கும், சோப்புக்கெல்லாம் போகாது. என் அம்மா அந்தச் சட்டையை வீட்டுக்குள் விடுவதே இல்லை.

வண்டியைச் சூடாக்குங்கள்

ஆறிய கியர் ஆயில் விளக்கெண்ணெய் மாதிரி இழுக்கும். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் இளகி ஓடும், அடியில் தங்கிய கசடும் கலந்து வெளியே வரும். இங்கே ஒரு சின்ன விஷயம். முன் சக்கரத்தில் ஹப் லாக் (சக்கரத்தை அதன் ஷாஃப்ட்டோடு பூட்டவும் பிரிக்கவும் உள்ள அமைப்பு) உள்ள வண்டியென்றால், லாக் திறந்திருக்கும்போது முன் டிஃபரன்ஷியல் சுற்றுவதே இல்லை, நீங்கள் எவ்வளவு ஓட்டினாலும் அதன் ஆயில் அசையாது. ஹப்பை லாக் செய்துவிட்டு, டிரான்ஸ்பர் லீவரை 2எச்-இலேயே (பின் சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும் நிலை) வைத்து ஓட்டுங்கள், முன் சக்கரங்களே அதைச் சுற்றிவிடும். அதற்காகத் தார் ரோட்டில் 4எச் (நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் நிலை) போட்டு ஓட்டாதீர்கள். ஜிப்சியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, திரும்பும்போது ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். இது கண்டிப்பு, ஏனென்றால் ஆயில் மட்டத்தைத் துவாரத்தை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம், வண்டி சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும். ஜிப்சிக்குத் தரையிலிருந்து 210 மி.மீ. இடைவெளி இருக்கிறது, கொஞ்சம் ஒல்லியானவர் ஜாக்கி இல்லாமலே நுழைந்துவிடலாம். என்னை மாதிரி வயிறு உள்ளவர்கள் நாலு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் ஏற்ற வேண்டும், உறுதியான ஸ்டாண்ட் மேல். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் விட்டு, லாரி கிளீனர் போடுவாரே, அந்த மாதிரி சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரலில் இருந்தால் முதல் கியரில் போட்டும் பயனில்லை, வண்டி உருளும். அதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு அடியில் போங்கள்.

மேல் பிளக் முதலில்

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிளக் இருக்கும். பக்கவாட்டில் பாதி உயரத்தில் இருப்பது ஊற்றுவதற்கு, அடியில் இருப்பது வடிப்பதற்கு. ஆர்வக்கோளாறில் எல்லோரும் அடிப் பிளக்கைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஆயில் முழுக்க வடிந்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசைய மறுத்தால் என்ன செய்வீர்கள்? ஆயில் இல்லாத வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போக முடியாது. ஆகவே மேல் பிளக் கையோடு வந்த பிறகுதான் அடிப் பிளக்கில் கை வைக்க வேண்டும். நாலு பெட்டிக்கும் இதே விதி.

பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் வயர் பிரஷால் தட்டிவிடுங்கள், திறந்ததும் அது உள்ளே விழும். அசையவில்லையென்றால் துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள். பொருந்தாத ஸ்பேனரால் தலையை மழுக்கிவிட்டால் அப்புறம் வெல்டிங் கடைதான்.

வடிகிற ஆயிலைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் சுவாரசியமே இந்தப் பகுதிதான். பெட்டிக்குப் பெட்டி தட்டைக் காலி செய்துவிட்டு அடுத்ததைத் திறங்கள், கலந்துவிட்டால் யார் கதை யாருடையது என்று தெரியாமல் போகும். காந்தம் வைத்த பிளக்காக இருந்தால் அதன் முனையில், இல்லையென்றால் தட்டில் ஒரு காந்தத்தைப் போட்டு அதில், சாம்பல் நிறத்தில் குழைத்த விபூதி மாதிரி ஒட்டியிருக்கும். அதை விரலில் எடுத்துத் தேயுங்கள். வழுவழுவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். நெருடினால் யோசிக்க வேண்டும். நகம் அளவுக்கு இரும்புச் சில்லு வந்தால் உள்ளே ஒரு பல் உடைந்திருக்கிறது, புது ஆயில் அதைச் சரி செய்யாது. கியர்பாக்ஸ் ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை.

டீக்கடை டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில், ஓடையில் வண்டியை இறக்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், காரணமும் எளிது. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கியதும் ஆக்சிலின் மேல் உள்ள பிரீதர் (காற்று போய்வரும் சின்னத் துவாரம்) வழியாகவோ சீல் வழியாகவோ வெளியிலிருந்து இழுக்கும். வெளியே இருப்பது தண்ணீர். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி உயரே கொண்டுபோய் முடித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். அதே பிரீதர் மண்ணடைத்துப் போனால் எதிர்ப்பக்கம் நடக்கும்: சூட்டில் விரியும் காற்றுக்கு வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். சீல் மாற்றி மாற்றிச் சலித்துப்போன பலர் அந்தப் பிரீதரைத் திருகிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொட்டு நிற்கும்வரை பொறுங்கள், பத்து பதினைந்து நிமிடமாவது ஆகும். பிறகு மரையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, அல்லது வாஷர் இல்லாத கூம்பு மரை என்றால் சீலன்ட் தடவி, அடிப் பிளக்கை மூடுங்கள். கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் அலுமினியம், ஜிம்முக்குப் போகிற பலத்தையெல்லாம் அங்கே காட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். கையேட்டில் முறுக்கு அளவு இருக்கும், டார்க் ரெஞ்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஊற்றுவது

பாட்டிலைத் துவாரத்துக்கு நேராகக் கவிழ்க்க இடம் இருக்காது. டியூபின் ஒரு முனையைத் துவாரத்தில் செருகி, மறுமுனையை மேலே கொண்டுபோய்ப் புனல் மாட்டிவிட்டால் தானே இறங்கும், கியர்பாக்ஸுக்குப் பானட் வழியாக டியூபை விடுவேன். கீழே ஒருவர், மேலே ஒருவர் இருந்தால் நல்லது. தனியாகச் செய்பவருக்குக் கை பம்ப் வசதி. எந்தப் பெட்டிக்கு எந்த டப்பா என்று ஊற்றுவதற்கு முன் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்.

மேல் துவாரத்தின் கீழ் உதடுவரை வந்து மெல்ல வழிய ஆரம்பித்தால் போதும், நான் மேலே சொன்ன லிட்டர் கணக்கெல்லாம் வாங்குவதற்குத்தான், மட்டத்தைச் சொல்வது துவாரம். வழிவது நின்றதும் சின்ன விரலை விட்டுப் பாருங்கள், நுனியில் ஆயில் பட வேண்டும். கூடுதலாக இருக்கட்டுமே என்று வண்டியைச் சாய்த்து அதிகம் ஊற்றாதீர்கள், நுரைத்துச் சீல் வழியாக வெளியே வரும். மேல் பிளக்கை மூடிச் சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், அப்போதுதான் நாளைக்குக் கசிந்தால் தெரியும்.

பழைய ஆயில் ஐந்து லிட்டருக்கு மேல் சேர்ந்திருக்கும். சாக்கடையிலோ வேலியோரமோ கொட்டாதீர்கள், கரையானுக்கு மருந்து என்று மரத்தில் பூசவும் வேண்டாம். புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பானட்டின் உட்புறம் தேதி, கிலோமீட்டர், நாலு பெட்டியின் பெயர், ஊற்றிய ஆயில் எல்லாம் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். நான் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், சக்கர மையத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கிவிட்டு வந்தால் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, அந்த வாரமே அடிப் பிளக்கைக் கொஞ்சம் இளக்கிப் பால் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள், எட்டுப் பிளக்கில் எது சொட்டுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். முன் சக்கரத்தின் உட்புறம், ஸ்டியரிங் திரும்பும் அந்த உருண்டைப் பகுதியில் கிரீஸும் ஆயிலும் கலந்த கஞ்சி மாதிரி வழிந்தால் அது பிளக் கசிவு இல்லை. உள்ளே ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் அந்த உருண்டைப் பகுதியான நக்கிளுக்குள் இறங்குகிறது. நீங்கள் ஊற்றிய இரண்டு லிட்டரும் மெல்ல மெல்ல அந்த வழியே போய்விடும். அதற்கு நக்கிளைப் பிரித்துச் சீல் மாற்ற வேண்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும்.