பழைய லேத்துக்கு முதலில் அளவு, கடைசியில்தான் பெயின்ட்

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கினவர்களில் பலரும் முதல் வேலையாக அதை அக்கக்காகக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும். ஓட்டிப் பார்த்தால் அரையடி ஷாஃப்ட்டில் இந்த முனைக்கு ஒரு விட்டம், அந்த முனைக்கு ஒரு விட்டம். பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோவை கணபதியில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்பது பஞ்சாபில் படாலாவில் செய்த நாலரை அடி லேத்: வேகம் மாற்றப் படிப்படியாக அமைந்த கோன் புல்லி, வேகத்தைக் குறைக்கும் பேக் கியர், சுழலும் தண்டான ஸ்பிண்டிலுக்கு இரண்டாகப் பிளந்த கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ். கோவையில் மூடப்படுகிற சிறு பட்டறைகளிலிருந்து இந்த வகை லேத் இன்னும் வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது. எடைக்குப் போய் உடைபடுவதைப் பார்க்க மனசு தாங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காணாமல் போன பாகத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். மரை வெட்ட மாற்றிப் போடுகிற சேஞ்ச் கியர் செட் முழுதாக இருக்கிறதா, நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் இருக்கிறதா, கியர் பல் எதுவும் உடைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மரை வெட்டும்போது டூலை ஓட்டுகிற நீளத் திருகான லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருந்தால் சரியான மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்த ஒரு கியரும் சேர்ந்து வந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தூக்கும்போது வலது முனையில் நிற்கும் டெயில்ஸ்டாக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பக்கம் கனம் அதிகம், லேசாகச் சாய்ந்தாலும் கவிழும். செயின் பிளாக்கும் தரையில் உருட்ட இரும்புக் குழாய்களும் போதும். கையால் தாங்கிப் பிடிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

இடத்தில் வைத்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுங்கள். எந்தக் குறை தேய்மானத்தால் வந்தது, எது அழுக்காலும் தளர்ச்சியாலும் வந்தது என்பது கழற்றுவதற்கு முன்னால்தான் தெரியும். பெட் (லேத்தின் அடிப்படுக்கை) எப்போதும் வேலையைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் தேயும், குட்டை வேலைகள் எல்லாம் அங்கேயே நடப்பதால். டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் சாடிலை அங்கே வைத்து ஆட்டம் இல்லாமல் இறுக்கி, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கொஞ்சம் இறுகினால் சாதாரணம். பாதி வழியில் நின்றுவிட்டால் தேய்மானம் பெரிது. அப்போதும் பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். பெட்டில் எடுத்த அளவுக்கு சாடில் கீழே இறங்கும், லீட் ஸ்க்ரூவும் அதைக் கவ்வும் ஹாஃப் நட்டும் நேரில் நிற்காது, அதைச் சரிசெய்ய இன்னொரு வேலை தொடங்கும். வீட்டில் புஷ்ஷும் பின்னும் கடைகிறவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

அளந்ததை எழுதி வைத்த பிறகு கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம், ஒவ்வொரு பாகத்தின் ஷிம்முக்கும் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) ஸ்க்ரூவுக்கும் தனி டப்பா. ஸ்பிண்டில் மூக்கில் மரையால் மாட்டும் திருகு சக் இறுகிப்போயிருந்தால் பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி, சக்கைச் சுத்தியால் தட்டுகிற வழக்கம் உண்டு. கியர் பல் உடைவது அப்படித்தான். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். பின்பக்கத்து பெட்டுக்கும் சக்கின் தாடையான ஜாவுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து, பெல்ட்டைப் பிடித்து ஸ்பிண்டிலைக் கையாலேயே பின்னோக்கித் திருப்புங்கள். கழன்று வரும்.

கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், கூடவே பெயின்ட் பிரஷ். பெட்ரோல் கொட்டகைக்குள்ளேயே வரக்கூடாது. பெட் மேலும் ஸ்லைடு மேலும் எமரித் தாள் படவே கூடாது. அதன் துகள் வார்ப்பிரும்பில் புதைந்து நின்று, அப்புறம் வருஷக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கும். பழைய பிளேடைப் படுக்க வைத்துத் துருவைச் சுரண்டுங்கள், அடிபட்டு மேலே எழுந்த பிசிரை மட்டும் ஆயில் ஸ்டோனால் தட்டையாக்குங்கள். கைப்பிடி, கவர், கிளாம்ப் மாதிரி இரும்புத் துண்டுகளுக்கு சலவை சோடா கரைத்த தண்ணீரும் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரும் அருமையாக வேலை செய்யும். துருப்பிடித்தது மைனஸில், ஏதாவது சாதா இரும்புத் தகடு பிளஸில். எவர்சில்வரைத் தகடாகப் போடாதீர்கள், தண்ணீரில் விஷமான குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் வாசலில் திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது ஸ்பிண்டில். மூன்று ஜா சக்கில் கம்பியைப் பிடித்து, ஆடுகிறது என்று ஸ்பிண்டிலைக் குறை சொல்லக்கூடாது. அது பெரும்பாலும் சக்கின் குறை. டயல் கேஜ் முள்ளை ஸ்பிண்டில் மூக்கின் மேலேயே வையுங்கள், துவாரத்தில் ஒரு கட்டையைச் செருகித் தூக்கிப் பாருங்கள். 0.03 முதல் 0.05 மி.மீ. வரை முள் நகர்ந்தால் கன்மெட்டல் புஷ்ஷுக்கு அது நல்ல நிலை, எண்ணெய்க்கு அந்த இடம் வேண்டும். அதற்கு மேல் போனால் புஷ்ஷின் இரு பக்கத்திலிருந்தும் ஒரே கனத்தில் ஷிம் எடுங்கள். மூடி, எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் ஓடவிடுங்கள். லேத்தின் தலை இளஞ்சூடாக இருக்கலாம். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் எடுத்தது அதிகம், ஒரு ஷிம்மைத் திரும்பப் போடுங்கள்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் கைப்பிடி அரைச் சுற்று சும்மா சுற்றினாலும் பதறவேண்டாம். அந்த பேக்லாஷ் வேலையின் அளவைக் கெடுக்காது, எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி அளவுக்கு வந்தால் போதும். ஸ்லைடே ஆடுவதுதான் கெடுதல். ஸ்லைடின் இடைவெளியைக் குறைக்கும் கிப் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் சமமாக இறுக்குங்கள். ஸ்லைடின் ஸ்க்ரூவில் ஓடும் நட்டை மாற்றுவதென்றால் கன்மெட்டலில் கடைந்துகொள்ளலாம். ஆனால் ஸ்க்ரூ நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் புது நட் ஓரங்களில் இறுகும், முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் மொத்த வேலையின் உயிர். பெட் முறுக்கில்லாமல் உட்கார வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் வளையாது என்று நினைக்கிறோம். ஒரு காலுக்குக் கீழே மெல்லிய தகடு வைத்தாலே பெட் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, வேலையில் தெரியும். தேய்மானம் என்று ஒதுக்கப்பட்ட லேத்துகளில் வெறும் முறுக்கு மட்டுமே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற ஸ்பிரிட் லெவல் இரவல் கிடைத்தால் பெட்டுக்குக் குறுக்கே தலைப்பக்கம் ஒரு தரம், கடைசிப்பக்கம் ஒரு தரம் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்கவேண்டும் என்பதில்லை, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கவேண்டும்.

லெவல் கிடைக்காவிட்டால் கடைந்தே கண்டுபிடிக்கலாம். 40 மி.மீ. கம்பியை 200 மி.மீ. வெளியே நீட்டிச் சக்கில் பிடியுங்கள், டெயில்ஸ்டாக் வேண்டாம். நடுவை ஒடுக்கி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் விடுங்கள். கூரான டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மெலிசாக எடுங்கள். மைக்ரோமீட்டரில், சக்கிலிருந்து தள்ளியிருக்கும் வெளி வளையம் பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் பக்கம், நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலைத் துளி உயர்த்துங்கள். சிறிதாக வந்தால் பின்கால். மறுபடி கடையுங்கள், மறுபடி அளவெடுங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வந்ததும் நிறுத்தலாம். அவசரமே வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குங்கள். டெயில்ஸ்டாக் நேரை இதற்கு அப்புறம்தான் பார்க்கவேண்டும்.

மோட்டாருக்கு ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் போதும். எர்த் கட்டாயம், நிறுத்தும் பட்டன் கைக்கு எட்டவேண்டும், பெல்ட்டுக்கு மூடி வேண்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் வைத்து வேகம் மாற்றும் மின் டிரைவ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: திருகு சக் உள்ள லேத்தை ரிவர்ஸில் ஓட்டினாலும், சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக் கழன்று விழும்.

இப்போது பெயின்ட் அடிக்கலாம். பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்த்தித் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ரிமூவர் தடவி ஈரமாகவே வழியுங்கள். வார்ப்பிரும்பு குடித்த எண்ணெயைத் தின்னரால் இரண்டு மூன்று முறை துடைத்துவிட்டு பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் பட்டி உரியும். ஸ்லைடுக்கு 68-ஆம் எண் ஸ்லைட்வே ஆயில். வண்டி என்ஜின் ஆயிலைத் தவிர்த்துவிடுங்கள், அது அழுக்கைக் கீழே விடாமல் தன்னோடு சுமந்துகொண்டே சுற்றும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் பெட் முழுக்க எண்ணெய் தடவி, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்.